இருபது லட்சத்தில் ஒன்று

முவா சிமெண்ட் ஆலையின் இரண்டாவது கேட்டருகே
சப்பாத்தி சுடுகிறேன்.
பெயர் கசியோகா.
நாலரைக்கு அடுப்பு மூட்டினால்
ஐந்துக்கு முதல் லாரி.

பங்கு வாங்கப் போன அன்று
நைரோபியில் மூன்று மாடி ஏறினேன்,
லிஃப்ட் ஓடவில்லை.
தரகர் அலுவலகத்து ஒடுவோர்
மாவு படிந்த என் நகங்களைப் பார்த்தான்,
படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தான்.
"இந்தப் பணம் ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாதே?"
படாது என்றேன்.
பள்ளிக் கட்டணம் தனி டப்பா,
கரிக்கும் மாவுக்கும் தனி.
இது மூன்றாம் டப்பா,
எலி தின்றாலும் அழமாட்டேன் என்று
எனக்கு நானே சொல்லிவைத்தது.

முந்நூறு பங்கு. ஒன்று இருபத்தொரு ஷில்லிங்.
கம்பெனிக்கு மொத்தம் அறுபது கோடிப் பங்காம்.
பஸ்ஸில் திரும்புகையில் வகுத்துப் பார்த்தேன்:
இருபது லட்சத்தில் ஒன்று நான்.
இருபது லட்சம் மூட்டை கேட்டைத் தாண்டினால்
ஒரு மூட்டை என்னுடையது,
ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று.
எந்த லாரியில் போகிறது என்று மட்டும்
யாரும் சொல்ல மாட்டார்கள்.
வங்கிக் கடனிலும் அதே கணக்குத்தான்.
அதை ஒடுவோர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

மறுநாள் காவலாளி கிலோன்சோ
அடுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னான்.
"முதலாளியிடம் பேசுகிறாய்" என்றேன்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
அடுப்பைத் தள்ளிவைத்தேன்.

எட்டாம் மாதம் விலை ஒன்பது.
கொழுந்தன் முசெம்பி வட்டிக்கு வாங்கிப் போட்டவன்.
அவன் காத்திருப்பான்,
வட்டி காத்திருக்காது.
ஒன்பதுக்கே விற்றான். பைக்கும் போயிற்று.
"நீயும் தப்பித்துக்கொள்" என்றான்.
நான் லாரிகளை எண்ணினேன்.
வாங்கிய மாதம் நாளுக்கு நாற்பத்திரண்டு.
விலை பாதிக்கும் கீழே போன மாதம் நாற்பத்தொன்று.
குறைந்த அந்த ஒன்று
டயர் வெடித்துப் பாலத்தடியில் நின்றது.
எனக்குத் தெரியும்,
அதன் டிரைவர் என்னிடம்தான் டீக்குக் கடன் சொன்னான்.
விலை
யாரோ யாருக்கோ கத்துகிற எண்.
லாரி கிளப்பும் புழுதி
என் சப்பாத்தி மேல் வந்து படிகிறது.

ஏப்ரலில் டிவிடெண்ட், பங்குக்கு அறுபது சென்ட்.
வரி போக நூற்று எழுபத்தொரு ஷில்லிங்
போனில் வந்து விழுந்தது.
ஒரு மூட்டை மாவுக்குக்கூடக் காணாது.
ஆனாலும்
நான் புரட்டிப் போடாமலே வெந்த சப்பாத்தி அது.

பொதுக்கூட்டத்தில்
கோழித் துண்டு, சோடா, ஆளுக்கொரு மஞ்சள் குடை.
குடைக்கு நின்ற வரிசை வாசல்வரை நீண்டது.
நான் மைக்கைப் பிடித்து
இரண்டாம் சூளையில் ஏன் புகையில்லை என்று கேட்டேன்.
"நல்ல கேள்வி" என்றார் தலைவர்.
பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலாம் வருஷம்
லாரி முப்பது. பிறகு இருபத்திநாலு.
மழைக்குப்பின் பத்தொன்பது.
விலை அப்போதுதான் ஏறியது.
யாரோ வெளிநாட்டுக்காரன் ஆலையை வாங்கப்போகிறானாம்.
இருபத்தாறு, முப்பது, முப்பத்துமூன்று.
கிலோன்சோ சங்கத்தில் கடன் எழுதிவிட்டு
என்னிடம் வந்து கேட்டான், வாங்கட்டுமா.
"பத்தொன்பது" என்றேன்.
"அது பழைய விலை" என்றான்.
கேட்டுக்குள்ளேயே நிற்கிறவன்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதை விற்றேன்.
பாதியை ஒரு பால் கம்பெனியில் போட்டேன்,
அதன் வண்டிகள் இந்தப் பக்கம் வருவதில்லை,
எண்ண வேறு ஆள் பிடிக்க வேண்டும்.
மீதி டப்பாவில்.

இன்று விலை முப்பத்தெட்டு.
கிலோன்சோ என்னைப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் தலையாட்டுகிறான்.
அவன் கணக்கு சரியாகவும் இருக்கலாம்.
இரண்டு இரவாகத் தூக்கம் சரியில்லை.

ஒரே ஒரு பங்கை வைத்திருக்கிறேன்.
கூட்டத்துக்குக் கடிதம் வரும்.
சூளைக் கேள்வி பாக்கி இருக்கிறது.
குடையும் வேண்டும்,
பழையதில் இரண்டு கம்பி ஒடிந்துவிட்டது.